முன்னால் போவது எது

மார்ச் 3

செயற்கைக்கோள் கம்பெனிப் பொறியாளர் அவர்களுக்கு,

நலம். அங்கும் நலம் என்று என் மகள் சொல்கிறாள். போனில் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறீர்கள், ஆகவே கடிதம்.

உங்கள் கம்பெனி ஜோடியாக ஏவிய இரண்டு செயற்கைக்கோள்களை என் மொட்டைமாடியிலிருந்து பைனாகுலரும் ஸ்டாப்வாட்சுமாக நெடுநாளாகக் கவனித்து வருகிறேன். அண்ணன் தம்பி மாதிரி ஒன்று முன்னால், ஒன்று பின்னால். வருகிற பதினெட்டாம் தேதி, முன்னால் போவதும் செத்துப்போன ராக்கெட் துண்டு ஒன்றும் உரசிக்கொள்ளும் தூரத்துக்கு வரும். கணக்கைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். செயற்கைக்கோளை நகர்த்துங்கள்.

உங்கள் வீட்டார் எல்லாரும் இருக்கும்போது, "லிஃப்ட் மொட்டைமாடியோட நின்னுடும் மாமா, அதுக்கு மேல எங்க வேலை" என்று சிரித்தீர்கள். காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவன்தான். என் கைபட்ட லிஃப்ட் ஒன்றுகூட விழுந்ததில்லை. நீங்களும் அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டாமா?

இதே கணக்கை எங்கள் வான்பார்ப்போர் குழுவிலும் போட்டுவிட்டேன்.

உங்கள் மனைவியின் தகப்பன்

மார்ச் 8

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கணக்கை அலுவலகத்தில் சரிபார்த்தோம். அந்தத் துண்டு பல கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. பிப்ரவரியில் ஒரு வாரம் மேகம் மூடியிருந்ததாகக் குறித்திருக்கிறீர்கள். அந்த வாரம்தான் நாங்கள் வரிசையை மாற்றினோம். பின்னால் வந்தது இப்போது முன்னால் போகிறது. மேகத்துக்கு முன் ஒன்றைப் பார்த்தீர்கள், மேகம் விலகியபின் மற்றதைப் பார்த்தீர்கள். இரண்டையும் ஒரே பாதையாக ஒட்டிவிட்டீர்கள்.

உங்கள் பதிவைப் படித்து வாடிக்கையாளர்கள் பயந்துபோய்க் கூப்பிடுகிறார்கள். மேலாளர் என்னை அழைத்து, "யாருய்யா இந்த ஆளு? உன் மாமனாராமே! உள்ள நடக்கறத நீதான் சொல்றியா?" என்றார். விசாரணை முடியும்வரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். தவறு உங்களுடையது, நான் எதுவும் சொல்லவில்லை என்று குழுவில் எழுதினால் என் வேலை தப்பும்.

அன்று சிரித்தது என் தப்பு, மாமா.

உங்கள் மருமகன்

மார்ச் 12

பொறியாளர் அவர்களுக்கு,

வரிசையை மாற்றினீர்களாம். சொல்லாமல் கொள்ளாமல் வீடு மாறிவிட்டு, விலாசம் தெரியாத தபால்காரனைப் பார்த்துச் சிரிப்பீர்களாக்கும். மேகம் மூடிய வாரமாகப் பார்த்து மாற்றினீர்கள் என்றால் நம்புவதற்கு என் காதில் பூ இல்லை.

வீட்டில் இருப்பது நல்லதுதான். மாலையில் அண்ணாந்து பாருங்கள். அலுவலகத்தில் திரையைத்தான் பார்த்திருப்பீர்கள். வானத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். பதினெட்டு வரட்டும்.

உங்கள் மனைவியின் தகப்பன்

மார்ச் 20

மாமாவுக்கு,

பதினெட்டு வந்தது, போனது. எதுவும் நடக்கவில்லை.

"நீங்க சொன்னதாலதான் நகர்த்தினோம்னு எழுதிடுங்க. அப்பா குளிர்ந்துடுவாரு, நீங்க கேட்டதையும் எழுதிக் குடுத்துடுவாரு" என்கிறாள் உங்கள் மகள். எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. நகர்த்தவில்லை, மாமா. நகர்த்தத் தேவையும் இருக்கவில்லை.

இனி உங்களிடம் கேட்க எனக்கு எதுவும் இல்லை.

மருமகன்

மார்ச் 25

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது.

பின்னால் வரும் தம்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. உச்சியைத் தாண்டியதும் ஒருமுறை பளிச்சென்று மின்னும். நேற்று மாலை முன்னால் போனது மின்னியது. பின்னால் வந்தது ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

குழுவில் எழுதிவிட்டேன். ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டது நான். மருமகன் என்னிடம் வானத்தைப் பற்றி வாய் திறந்ததே கேலி பேசத்தான் என்று. அதன் நகலை உங்கள் மேலாளருக்கும் அனுப்பியிருக்கிறேன். ஒருவன் உடனே, "என்ன தலைவரே, அண்ணன் எது தம்பி எதுன்னே தெரியலையா?" என்று கேட்கிறான். அவன் பைனாகுலரைத் தலைகீழாகப் பிடிக்கிற ஆள். அவனிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிசை மாற்றியதை வெளியில் சொல்லாதது உங்கள் கம்பெனியின் திமிர். அதில் மாற்றமில்லை.

என்னை ஏமாற்றிச் சோறூட்டும் வயது இன்னும் வரவில்லை என்று என் மகளிடம் சொல்லுங்கள். அவள் சொன்னபடி நீங்கள் எழுதியிருந்தால் அப்படியே நம்பியிருப்பேன். நம்பிக்கொண்டு, சாகும்வரை உங்களைக் கேவலமாகவே பேசியிருப்பேன்.

மாமா