பத்தொன்பது மஞ்சள் புதர்கள்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் நலம். உன் வீட்டில் எல்லோரும் நலம்தானே? எங்கள் செடி ஆராய்ச்சி முகாமில் போன் எடுக்காது, அதனால்தான் கடிதம். நீ போடும் சாலை என் மணல்வெளி வழியாகத்தான் வருகிறதாமே! அதையும் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நான் ஆறு வருடமாகக் காத்துக் கிடக்கும் மஞ்சள் பூப் புதர் அங்கேதான் இருக்கிறது. முழங்கால் உயரம்தான். வறண்ட மணலை விட்டால் வேறெங்கும் பிழைக்காது. பத்தொன்பதுதான் மிச்சம். போன மாத மழையில் முதல் முறையாகப் பூத்திருக்கிறது. விதை முற்ற மாதக் கடைசி ஆகும். அதுவரை இயந்திரத்தை அந்தப் பக்கம் விடாதே. நீயே ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போயேன்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

செடியின் உயரம் எழுதியிருக்கிறாய், பூவின் நிறம் எழுதியிருக்கிறாய். உன் மருமகள், என் குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகட்டும். வேலையை நிறுத்த எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் உன் புதர்கள் சாலையின் ஓரத்தில்தான் வருகின்றன, தொடாமல் போகலாம். ஏதாவது ரிப்பன் கட்டி வை, எங்கள் ஆட்கள் புரிந்துகொள்வார்கள். வர நேரமில்லை, தலைக்கு மேல் வேலை.

தம்பி

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

கட்டிவிட்டேன். தூரத்திலேயே கண்ணில் படட்டும் என்று நல்ல சிவப்பு ரிப்பனாக வாங்கினேன். முள் கிழித்து இரண்டு கையும் எரிகிறது. டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. குட்டி நான்காம் வகுப்பு என்று எனக்குத் தெரியாதா? சும்மா குத்திக் காட்டாதே.

அக்கா

மார்ச் 22

அக்கா,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. குட்டிக்குக் காய்ச்சல், ஐந்து நாள் விடுப்பில் இருந்தேன். உன் கடிதத்தை இன்றுதான் பிரித்தேன். எங்கள் வேலையில் சிவப்பு கட்டினால் எடுத்துவிடு என்று அர்த்தம். விட வேண்டியதற்கு வெள்ளை கட்டுவோம்.

ஓடிப் போய்க் கேட்டேன். "நீங்க இல்லேன்னாலும் வேலை நிக்கல சார். சிவப்பு கட்டினதை ஒண்ணு விடாம வேரோட எடுத்தாச்சு" என்று டிரைவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். பாராட்டுவேன் என்று நினைத்துவிட்டார், பாவம். நான் நிறத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடு.

தம்பி

மார்ச் 29

தம்பிக்கு,

குட்டிக்குக் காய்ச்சல் விட்டதா?

பிடுங்கிப் போட்ட புதர்க் குவியலை மூன்று நாள் கிளறினேன். காய்கள் கிடைத்தன. நசுக்கினால் பால்தான் வருகிறது, ஒரு விதைகூட முற்றவில்லை. உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. நீ வந்திருந்தால் ரிப்பனைப் பார்த்ததுமே, "அக்கா, உனக்குப் புத்தி இருக்கா?" என்று கத்தியிருப்பாய். அது போதுமே!

யார் தவறு என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். உன் கடிதத்தைக் காட்டினால் உன் பிழைப்பு போய்விடும். காட்டவில்லை. யாரையும் கேட்காமல் நானாகவே கட்டினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை முகாமைக் காலி செய்ய வேண்டுமாம்.

ஊருக்குத்தான் வருகிறேன், உன் வீட்டுக்கு அல்ல. நீயும் தேடி வராதே. கோபம் ஆறினால் நானே வருவேன். ஆறுமா என்று எனக்கே தெரியவில்லை. குட்டி கேட்டால், அத்தை இன்னும் மணல்வெளியில்தான் இருக்கிறாள் என்று சொல். என்னை அனுப்பிவிட்டார்கள் என்று அவளிடம் சொல்லிவிடாதே.

அக்கா