ஓனரிடம் கேட்காத சம்மதம்

ஜூன் 9, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். எங்கள் ஃபேர்லேண்ட்ஸ் ஆபீசில் ஏசி மறுபடியும் ஒழுகல். அடியில் வாளி.

வக்கீல் வந்துபோனார். லாரி டிரைவர்களுக்கு லோடு பிடித்துத் தரும் எங்கள் ஆப்பில் இனி ஒவ்வொருவர் லைசென்ஸ் படத்துக்கும் அவரவர் சம்மதம் வேண்டும். தராதவர் படத்தை அழிக்க வேண்டும். புதுச் சட்டம். கெடு மாதக் கடைசி.

வேலைகள்:
தமிழில் சம்மதப் பக்கம்
பழைய படங்களைத் தேடுவது
வக்கீல் ஃபீஸ்
பிரியாவுக்கு போன்

கடைசி வேலைதான் கஷ்டம். வரும் திங்களன்று சேர வேண்டிய புரோகிராமர். அவள் சம்பளம் இப்போது வக்கீலுக்கு. இப்போதைக்கு வர வேண்டாம் என்றேன். “பரவால்ல மேடம்” என்றாள். காலியாகத் திரும்பும் வண்டிக்கு ரிட்டர்ன் லோடு காட்டும் வசதியை அவள்தான் செய்வதாக இருந்தது. இதே தொழில் செய்யும் பெங்களூர் கம்பெனிக்கு என்ன, சட்டத்துக்கென்றே ஒரு மாடி நிறைய ஆள். நாங்கள் நான்கு பேர்.

ஜூன் 10, புதன்

அதே பெங்களூர் கம்பெனியிலிருந்து போன். ஆப்பை வாங்கிக்கொள்கிறார்களாம். வெள்ளிக்குள் பதில். மகள் படும் பாட்டைப் பார்த்து அத்தா: “வித்துட்டு நிம்மதியா இரும்மா.”

மதியம் பங்குதாரர் தங்கவேல் அண்ணன், நாமக்கல்லிலிருந்து. வாயெல்லாம் பல்.

“சம்மத வேல முடிஞ்சுதுங்க அம்மிணி.”

“ஒரே நாள்லயா? எப்படிண்ணா?”

“லாரி ஓனருங்களுக்கு போனப் போட்டேனுங்க. அவங்கவங்க டிரைவருக்கெல்லாஞ் சேத்து சம்மத பட்டன அமுக்கிப்போட்டாங்க. ஓனரு சொன்னா டிரைவரு சொன்ன மாதிரித்தானுங்க.”

“லைசென்ஸ் ஓனரோடதா அண்ணா?” கத்திவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. பாவம். ஆனாலும் எல்லாவற்றையும் ரத்து செய்தேன். ஆப்பில் பாதிப் பேருக்கு ஓனர் நம்பர்தான் பதிவு. நேரில்தான் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

ஜூன் 11, வியாழன்

அண்ணனோடு நாமக்கல். லாரி பாடி கட்டும் பட்டறை. வெல்டிங் சத்தத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. முதலில் முருகேசன் என்ற டிரைவர்.

“இத்தன வருசத்துல ஒருத்தருங் கேட்டதில்லீங்களே. வேண்டாமுன்னு சொல்லலாமுங்களா?”

“சொல்லலாம்.”

“அப்ப வேண்டாமுங்க. அழிச்சுப்போடுங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கும் மனசே இல்லை. அவர் கண் முன்னாலேயே அழித்தேன்.

பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். “அட, நெசமாவே அழிச்சுப்போட்டாங்கப்பா!” என்று தன் லைசென்ஸை எடுத்து நீட்டினார். “என்றத வெச்சுக்கங்க.” அடுத்தவரும் நீட்டினார். சாயந்திரம்வரை ஆள் வந்துகொண்டே இருந்தது. இன்னும் மூன்று பேர் மாட்டேன் என்றார்கள். அழித்தாச்சு.

ஜூன் 12, வெள்ளி

ஏசிக்காரர் வரவில்லை. இன்றும் வாளி.

பெங்களூர் போன். முதல் கேள்வியே, எல்லா டிரைவர் தகவலும் மொத்தமாக எப்போது கைக்கு வரும் என்று.

“வராதுங்க. ஆப்பை விக்கலை.” வைத்துவிட்டேன்.

பிரியாவிடம் மறைக்காமல் சொன்னேன், வேலைக்கு எடுக்கத் தை வரை ஆகும் என்று. ரிட்டர்ன் லோடும் அதுவரை இல்லை. காலி வண்டி ஓடும் டீசலுக்கு அதுவரை யார் பதில் சொல்வது? ஆத்திரம்தான். ஆனாலும் செய்து முடிப்பேன்.

வாசலில் அண்ணன் காரைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறார். “ஏனுங்க அம்மிணி, ஓமலூர்ல ஆராரக் கேக்கோணுமுங்க?”

“ஓனரைத் தவிர எல்லாரையும்.”