சாரல் விடுமுறை

ஜூன் 9, 2025

சாரல் இறங்கிவிட்டது. குற்றாலம் ஐந்தருவியில் என் துண்டு, எண்ணெய்க் கடைக்கு எதிரே மலை பாதிதான் தெரிகிறது; மீதியை மேகம் வைத்திருக்கிறது. குளிக்க வந்தவர்களிடம் மதுரை ஐகோர்ட் கிளையின் வரலாற்றைச் சொன்னேன். 2004இல் அது திறக்கும்வரை நம் பக்கத்து அப்பீல் எல்லாம் சென்னைக்கு ரயிலேறியது. இது நிஜம். இடம் பார்க்க வந்த அதிகாரி என்னிடம்தான் எண்ணெய் தேய்த்துக்கொண்டார், யானைமலை அடிவாரத்தைக் காட்டியதே நான்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 15

அச்சன்புதூரிலிருந்து தங்கை முத்துவடிவு வந்தாள். அவள் வீட்டுக்குப் போகும் ஒரே பாதையைப் பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்து தன்னுடையது என்கிறான். தென்காசியில் இரண்டு கோர்ட்டும் அவன் பக்கம். இனி மதுரைதான். தீர்ப்பு நகல் என்னிடம் இருக்கிறது. மதுரை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நானே கேட்டு வாங்கியது.

"எப்பம்ணே போவிய?"

"ஏட்டி, சீசன்ல ஐகோர்ட்டு பூட்டிக் கெடக்கும். வெள்ளக்கார ஜட்ஜுக குத்தாலத்துல குளிச்ச காலத்துலேருந்து சாரல் லீவு உண்டு. ஆடி கழியட்டும்."

தலையாட்டினாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் நம்புவாள்.

ஜூன் 28

கனவு. ஒருவர் உட்கார்ந்தால் தனி நீதிபதி, இருவர் என்றால் டிவிஷன் பெஞ்ச், மூவர் என்றால் ஃபுல் பெஞ்ச். எனக்கு வந்ததோ ஐந்து பேர், அருவிக்கு ஒருவராக. கறுப்பு அங்கிமேல் தண்ணீர் கொட்டுகிறது, ஒருவரும் நனையவில்லை. "முத்துவடிவு!" என்று கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். புகைபோலச் சாரல்தான் வந்தது.

ஜூலை 6

நல்ல கூட்டம். எழுத நேரமில்லை.

ஜூலை 26

தென்காசியில் தங்கையின் வழக்கை நடத்திய வக்கீல் சேக் மைதீனைப் பார்த்தேன்.

"மதுரைல தாக்கல் பண்ணியாச்சா அண்ணாச்சி?"

சாரல் லீவு என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்படி ஒரு லீவே கெடையாது. அப்பீலுக்குத் தொண்ணூறு நாள்தான்னு தீர்ப்பு வந்த அன்னைக்கே சொன்னேன்லா? பதினேழாந்தேதியோட முடிஞ்சுட்டே!"

அந்த லீவை எனக்கு யார் சொன்னது? யோசித்துப் பார்க்கிறேன் — நானேதான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி — அடப்பாவி, என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கேன்!

ஜூலை 27

தங்கையிடம் சொன்னேன். திட்டவில்லை.

"அவன் பாதைய மறிச்சுச் சுவரு எடுத்துட்டா நான் எங்கனகூடி வீட்டுக்குப் போவேன்? நீங்களே சொல்லுங்கண்ணே."

வக்கீலுக்குப் போன் போட்டேன்.

ஜூலை 28

வக்கீலோடு மதுரை. இங்கே மட்டும் எழுதுகிறேன்: ஐகோர்ட் வாசலுக்குள் நான் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. யானைமலை வெயிலில் படுத்திருந்தது. பதினோரு நாள் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு. காரணத்துக்கு, சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் என் அபிடவிட்.

"அருவியில வழுக்கி விழுந்தேன்னு போடுவோமா?"

"அண்ணாச்சி! நடந்தத எழுதும்."

எழுதினேன். 'அப்படி ஒரு விடுமுறை கிடையாது. நானாகச் சொன்னது. என் தங்கை நம்பினாள்.' இவ்வளவுக்கு ஒரு மணி நேரம்.

செப்டம்பர் 11

தனி நீதிபதி. பேச்சிமுத்துவின் வக்கீல் எதிர்த்தார். நீதிபதி என் அபிடவிட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "யாரு இந்த அண்ணன்?" என்றார். எழுந்து நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். தாமதம் மன்னிக்கப்பட்டது. அப்பீல் முடியும்வரை பாதையை அடைக்கக் கூடாது.

செப்டம்பர் 14

அச்சன்புதூர் போய் நடந்ததைச் சொன்னேன்.

"அம்புட்டுதானாண்ணே?"

"அம்புட்டுதான்."

அவளுக்குப் போதவில்லை போல. கொஞ்ச நேரத்தில் புறவாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க அண்ணன் எந்திரிச்சு நின்னதும் ஜட்ஜே ஆடிப்போயிட்டாராம்ட்டி!"

திருத்தலாமென்று எழுந்தேன். முன்வாசல் வழியாகப் பாதை தெரிந்தது. மழை ஈரம் காயாமல், தெருவரைக்கும் திறந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.