நாலாவது பொம்மை

அன்புள்ள பூனைமீசை அண்ணனுக்கு,

இது என் பதினைந்தாவது பிறந்தநாள் விழா அழைப்பு. வீட்டிலேயே வெட்டி ஒட்டியது. விரலில் பசை ஒட்டினால் தங்கச்சி பாசம் என்று நினைத்துக்கொள்.

அப்பாவோடு சண்டை போட்டு நீ திஹுவானா நகரத்துக்குப் போனதிலிருந்து அவர் உன் பேச்சையே எடுப்பதில்லை. நேற்று இந்த அழைப்பு அட்டைக்குள் ஒட்டுவதற்குக் கைகோத்த காகிதப் பொம்மைகள் வெட்டித் தரச் சொன்னேன். "நம்ம மூணு பேருக்கு மூணு போதும்" என்று தாளை இரண்டு தரம் பாதியாக மடித்து வெட்டினார். விரித்தால் நாலு!

"ஒண்ணு அதிகமா இருக்கேப்பா, நறுக்கிடட்டுமா?" என்று கத்தரியை எடுத்தேன்.

"கை வச்சே, காதை அறுத்துருவேன்! அது இருக்கட்டும்."

அம்மா அடுப்படியில் மூக்கை உறிஞ்சினாள். கேட்டால், மோலே குழம்புக்கு மிளகாய் வறுக்கிறாளாம். அடுப்பே எரியவில்லை.

நாலாவது பொம்மைக்கு உன் மீசையை வரைந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவன் மீசை இன்னும் கோணல்டி. சரியா வரை."

அடுத்த சனிக்கிழமை விழா. நீ வராவிட்டால் என்னோடு விழாவின் வால்ஸ் நடனம் ஆடப்போவது மாமா மகன் எஃப்ராயின். அவன் ஆடினால் தரைக்கு வலிக்காது, என் காலுக்குத்தான் வலிக்கும். வந்து காப்பாற்று.

இப்படிக்கு,
அட்டையில் உன் கையைப் பிடித்திருக்கும் பொம்மை