ஆறாவது மோதல்

பெப்ரவரி 8, சனி

மல்யுத்தத்தில் ஒரு பிள்ளை ஒரு நாளில் ஐந்து தரம்தான் மோதலாம். மகள் அபியின் பள்ளிக்கூடப் போட்டியில் அதை எண்ணிப் பதியும் மேசையில் இன்று நான்தான் இருந்தேன்.

இறுதிப் போட்டிக்கு முன் கோச் வந்து, அபி எத்தனை முடித்துவிட்டாள் என்று கேட்டார். தாளில் அவள் பெயருக்கு நேரே ஐந்து கோடு. உண்மையைச் சொன்னால் அவளை இறக்கமாட்டார்கள். உள்ளங்கையால் கோடுகளை மறைத்துக்கொண்டு நான்கு என்றேன்.

ஆறாவதில் அவளுடைய தோள்மூட்டு விலகியது. அவள் கத்திய கத்தல் இன்னும் காதுக்குள் நிற்கிறது.

எமர்ஜென்சியில் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“களைச்சுப்போன பிள்ளையை ஏன் விட்டனீங்கள்? இண்டைக்கு எத்தினை மட்ச்?”



“ஃபைவ்தான், அம்மா. நானும் எண்ணினனான்,” என்றாள் அபி. என் பக்கம் அவள் திரும்பவேயில்லை.