எந்த ஸ்பிரிங்ஃபீல்டு?

வேவர்லி, அயோவா
மார்ச் 9, 1983

அன்பு மகன் கீத்துக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நாங்கள் இருவரும் சுகமாயிருக்கிறோம், அப்பாவின் முழங்கால்தான் பனி விழுந்தால் ஒரு பாட்டு, வெயில் அடித்தால் ஒரு பாட்டு பாடுகிறது. நீயும் அங்கே ஓரிகனில் வேளைக்குச் சாப்பிட்டு, நனைந்த சட்டையோடு திரியாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்ல வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் உன்னோடு பேசும்போது உன் ஆர்டிஸ் சித்தி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாள், விஷயமே அவளைப் பற்றியதுதான்.

சித்திக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறான். சித்தப்பா போய் மூன்று வருஷமாகிறது, அவளுக்குத் துணை வேண்டாம் என்று சொல்ல நான் யார், ஆனால் இந்த ஆள்மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். பெயர் டுவேன் ஹாஸ்கெல், ஐம்பதைத் தாண்டியவன், அறுவடை சமயம் தானியக் கிடங்கில் மெஷின் பழுது பார்க்க வந்தவன் அப்படியே தங்கிவிட்டான். சர்ச் விருந்தில் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து அவள் செய்த உருளைக்கிழங்கு சாலட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டான். எந்த ஊர் என்று கேட்டேன். ஸ்பிரிங்ஃபீல்டு என்றான். அவ்வளவுதான். நீயே சொல், நம் ஜனங்களில் யாராவது ஊர்ப் பெயரை அப்படி மொட்டையாகச் சொல்வார்களா? வந்து குடியேறியவர்கள் விட்டுவந்த ஊரின் பெயரையே போன இடத்துக்கெல்லாம் வைத்துக்கொண்டே போனார்கள், ஸ்பிரிங்ஃபீல்டே மாநிலத்துக்கு ஒன்று இருக்கிறது, பின்னால் மாநிலத்தைச் சேர்க்காவிட்டால் கடிதம்கூட ஒழுங்காக வீடு வந்து சேராது. பாரிஸுக்கே நாம் பிரான்ஸைச் சேர்த்துச் சொல்கிறோம், இல்லாவிட்டால் டெக்சஸா கென்டக்கியா என்று கேள்வி வரும். அப்படியிருக்க அந்த அடுத்த வார்த்தையை ஒருவன் முழுங்குகிறான் என்றால் என்ன அர்த்தம்? எந்த ஸ்பிரிங்ஃபீல்டு என்று விடாமல் கேட்டேன். “ஸ்பிரிங்ஃபீல்டுதாங்க, மழை ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு காபி எடுக்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா. முடிவெட்டும் கடையில் மலை இருக்கிற ஊர் என்று சொன்னானாம். தபால்காரர் கென்னியிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், அந்த ஆளுக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட வரவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியுமுன் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவன் மறுநாள் இருட்டிய பிறகுதான் திரும்புகிறான், எங்கே என்று சித்தியிடமும் வாய் திறப்பதில்லை. இல்லினாயில் ஒரு பெண்டாட்டி, ஒஹாயோவில் ஒரு பெண்டாட்டி இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன் என்று சித்தியிடமே சொன்னேன். “உனக்கு எல்லாத்துலயும் ஓட்டை தேடணும் அக்கா, பாலாடைக்கட்டியைக்கூட ஓட்டையைப் பாத்துத்தான் வாங்குவ” என்று சொல்லிவிட்டு, ஜூன் மாதம் கல்யாணம் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

போன ஞாயிறு இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். பன்றித் தொடை வாட்டி, சோளம் வேகவைத்து, எல்லாவற்றையும் மேஜையில் வைத்த பிறகு ஆரம்பித்தேன். இல்லினாயா, மிசௌரியா, ஒஹாயோவா, மாசசூசெட்ஸா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன், எதில் முகம் மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே. சித்தி மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். அந்த ஆள் முள்கரண்டியைக் கீழே வைத்தான். “தெரிஞ்சிருந்தா மொதல் நாளே சொல்லியிருப்பேங்க” என்றான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது யாரோ ஒரு பெண் ரயிலில் ஏற்றிவிட்டாளாம், கோட்டில் ஹாஸ்கெல் என்று ஒரு துணியைத் தைத்து. இறங்கினது கான்சாஸில், அநாதை விடுதியில். எந்த ஊர்டா என்று கேட்டிருக்கிறார்கள், பிள்ளை ஸ்பிரிங்ஃபீல்டு என்றிருக்கிறது. “அஞ்சு வயசுப் பையனுக்கு மாநிலம்னா என்னன்னு தெரியுமா? அதுக்கு மேல யாரும் கேக்கவும் இல்ல, இத்தனை வருஷத்துல நீங்க கேட்ட மாதிரி யாருமே விடாம கேக்கல” என்றார். அறுத்த மரத்தின் வாசனை, ஓயாத மழை, தூரத்தில் மலை, ஒரு பாலத்தின்மேல் யாரோ கையைப் பிடித்துக்கொண்டு நின்றது, இவ்வளவுதான் ஞாபகமாம். மாதாமாதம் போவது கார் எட்டுகிற தூரத்தில் இருக்கிற ஸ்பிரிங்ஃபீல்டுகளைத் தேடித்தான். போய் நின்று அந்த மர வாசனை வருகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாராம். சித்திக்கே அது அப்போதுதான் தெரியும். அப்பா இறைச்சியில் பெரிய துண்டாக வெட்டி அவர் தட்டில் வைத்தார்.

அப்போதும் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை கீத், மனசை உருக்குகிற கதையைப் பொய்க்காரன்தான் நன்றாகச் சொல்வான். மடக்கிப் பார்க்கலாம் என்று, ரயிலில் எத்தனை ராத்திரி தூங்கினீர்கள் என்று கேட்டேன். ரொம்ப ராத்திரி, ஆனால் பிள்ளைக்கு ஒரு ராத்திரியே ரொம்பதான் என்று சிரித்தார். போர்வை கொடுத்த கண்டக்டர் மாறிக்கொண்டே இருந்தார், ஒருவருக்கு மீசை, ஒருவர் கிழவர், ஒருவர் ஜவ்வு மிட்டாய் கொடுத்தார் என்றார். பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. மிசௌரியிலிருந்து கான்சாஸுக்கு ஒரு கண்டக்டர் போதும், போர்வையே தேவைப்படாது. இந்த மனுஷர் இத்தனை காலம் பக்கத்து ஊர்களையே சுற்றியிருக்கிறார். மழை, மலை, மர அறுவை மில், ராத்திரி ராத்திரியாக ரயில். நீ போன வருஷம் எழுதினாயே, அங்கே ஓரிகனிலும் உன் வீட்டிலிருந்து ஆற்றைத் தாண்டினால் ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு, காற்று இந்தப் பக்கம் அடித்தால் மில் வாசனையில் துணிகூடக் காயப்போட முடியவில்லை என்று. கையில் இருந்த தட்டை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டேன்.

சித்தியிடம் மூச்சுவிடவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. வீணாக ஆசை காட்டி ஏமாற்றினால் அந்தப் பாவம் எனக்குத்தான் வரும், தவிர அவர் சொன்னது அத்தனையும் புளுகாகவும் இருக்கலாம். நீ ஒரு சனிக்கிழமை பாலத்தைத் தாண்டிப் போய்வா. மில்லில் வேலை பார்த்த வயசாளிகள் யாராவது இருப்பார்கள், சர்ச்சிலும் விசாரி. முப்பதுகளின் நடுவில் ஹாஸ்கெல் என்று ஒரு குடும்பம் இருந்ததா, பிள்ளையைத் தனியாக ரயிலேற்றிய பெண் யார், அவள் இன்னும் இருக்கிறாளா என்று கேள். காரணத்தைச் சொல்லாமல் கேள், சொன்னால் ஆளுக்கொரு அம்மா கிளம்பி வருவாள். வெறும் வாய்ப்பேச்சை நம்பாதே, கல்லறைத் தோட்டத்தையும் ஒரு சுற்று சுற்றிப் பார்.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. மழைக்கோட்டு போட்டுக்கொள், அப்பா அனுப்பிய கம்பளிக் காலுறை பெட்டியில் தூங்குவதற்காக அல்ல. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தானியக் கிடங்கின் போன் நம்பரை உறையின் உட்புறம் எழுதியிருக்கிறேன். விசாரித்ததில் எல்லாம் பொய் என்று தெரிந்தால் முதலில் எனக்குச் சொல். உண்மை என்றால் எனக்காகக் காத்திருக்காதே, முதலில் அவருக்குச் சொல்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
வெர்னா