பெயின்ட் காயட்டும் என்று சொன்ன அண்ணனுக்கு

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் உரிய அண்ணே,

வண்டியில் கீறல் விழுந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு எதைச் சொன்னாலும் உன் காதில் ஏறாது. முன் மட்கார்டிலிருந்து பின் கதவு வரைக்கும், இரண்டு பக்கமும், நீளநீளமாக விழுந்திருக்கிறது. போட்டது நான்தான். மன்னிப்பு எல்லாம் கேட்கப் போவதில்லை. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த அம்பாசிடரை நீ வாங்கியபோது அது சந்தனக் கலரில் லட்சணமாகத்தான் இருந்தது. யார் கேட்டது உன்னை, கறுப்பாக்கு என்று? மெட்ராஸில் யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டு வாசலில் கறுப்பு வண்டியைப் பார்த்துவிட்டு வந்தாய். அன்றிலிருந்து தூக்கத்திலும் அதே பேச்சு. "கறுப்புன்னா ஒரு கெத்துடா தம்பி, கோட்டை மாதிரி நிக்கும்" என்றாய். காதர் பாய் இருபது வருஷமாகச் செஞ்சியில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அவரே கையெடுத்துக் கும்பிட்டார். "வாணாம் மொதலாளி, நம்ம ஊரு தூசிக்கு கறுப்பு தாங்காது. வெரல் வச்சா வெரல் தெரியும். அப்பறம் என்னை வந்து கேக்காதீங்க." கேட்டாயா? நீயாவது கேட்பதாவது.

கறுப்போடு விட்டாயா? முன்னாலும் பின்னாலும் பம்பருக்கு வெள்ளி போல முலாம். ஹெட்லைட்டுக்கு மேலே இமை மாதிரி இரண்டு தகடு. டயருக்குப் பின்னால் மயில் போட்ட மட்ஃபிளாப். பக்கவாட்டில் ஒரு தங்கக் கோடு வேண்டும் என்று காதர் பாயை இரண்டு நாள் மண்டியிட வைத்தாய். அந்த மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் இழுத்த கோட்டை, குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "இங்க கொஞ்சம் வளையுதே பாய்" என்று சொன்ன ஆள் நீ.

அப்புறம் சட்டதிட்டங்கள். காய்ந்த துணியால் துடைக்கக் கூடாது. முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும், பிறகு பழைய வேட்டித் துணி, அதுவும் கரை கிழித்த வேட்டி. அண்ணி வளையல் போட்ட கையோடு கதவு ஓரம் வரக் கூடாது. வேப்பமரத்தடியில் நிறுத்தக் கூடாது, காக்கா எச்சம் விழும். வெயிலில் நிறுத்தக் கூடாது, வெளுத்துவிடும். பின்னே எங்கேதான் நிறுத்துவது, ராஜகிரிக் கோட்டை உச்சியிலா? அந்தக் கேள்வியை உன்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஒரு தடவையாவது பதில் சொல்லியிருக்கிறாயா?

ஆயுத பூஜைக்கு ஊரில் எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். நீ பானட் மேலே பாலித்தீன் பேப்பரை விரித்து, பேப்பருக்குப் பொட்டு வைத்தாய். "சாமிக்கே பேப்பர் போட்டுட்டாரு இந்த மனுஷன்" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? எலுமிச்சம்பழம் நசுக்கும்போது சாறு தெறிக்குமோ என்று டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நீ கையை வைத்துக்கொண்டு நின்றதைத் தெருவே பார்த்துச் சிரித்தது.

சரி, என் பங்குக்கு வருகிறேன். உன் மகள் மல்லிகாவுக்குக் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு அவளையும் மாப்பிள்ளையையும் திண்டிவனத்திலிருந்து அழைத்து வரவேண்டிய நாள். நீ மில் பெல்ட் வாங்க மெட்ராஸ் போயிருந்தாய். நீ வைத்துவிட்டுப் போன பாலிஷ் டப்பாவைத் திறந்தால் அடியில் ஒரு துளிகூட இல்லை. நம் வீட்டுப் பெண் மங்கலான வண்டியிலா வருவது? நாம் ஆயில் மில் வைத்திருக்கிறவர்கள், எண்ணெய்க்கா பஞ்சம்? ஒரு சொம்பு கடலை எண்ணெயை எடுத்து வண்டி முழுக்கத் தேய்த்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன் அண்ணே, ஒரு மணி நேரத்துக்கு அது உன் பாலிஷை விட நன்றாகப் பளபளத்தது.

திண்டிவனம் போய்த் திரும்புவதற்குள் சாலைத் தூசி மொத்தமும் வந்து ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை இறங்கி வண்டியைப் பார்த்து, "மாமா காரு கறுப்புன்னு சொன்னாங்களே?" என்றார். எனக்கு மானம் போயிற்று. எண்ணெய் தேய்த்தால் நாம் என்ன போடுவோம்? சீயக்காய்தானே? அரைப்படி சீயக்காய்த் தூளைக் கரைத்து, தேங்காய் நாரைப் போட்டு அழுத்தித் தேய்த்தேன். எண்ணெய் போனது. காய்ந்த பிறகு பார்த்தால் பானட் முழுக்க வட்டவட்டமாகக் கோடு.

நீ வந்து பார்த்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ திட்டவே இல்லை, கையால் பானட்டைத் தடவிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாய். அதற்கு இரண்டு அறை கொடுத்திருக்கலாம். மறுநாளே வண்டியைக் காதர் பாயிடம் விட்டு, மொத்தத்தையும் தேய்த்து எடுத்துத் திரும்பக் கறுப்பு அடிக்கச் சொன்னாய். அவர் நம் மில் கொட்டகையிலேயே திரை கட்டி அடித்து முடித்தார். "பத்து நாளைக்கு ரோட்டுக்கு எடுக்காதீங்க மொதலாளி, தூசி ஒக்காந்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் காலையில் உனக்கு நெஞ்சு வலித்தது.

இதை எழுதும்போது பேனாவைத் தூக்கி எறிய வேண்டும் போல் இருக்கிறது. டாக்டர் உன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்? "விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க, உங்ககிட்டதான் கார் இருக்குதே" என்றார். நீ என்ன சொன்னாய்? "பெயின்ட் காயல சார்." அவர் உன்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! டாக்சி ஸ்டாண்டில் இரண்டு வண்டி சும்மா நின்றது. ஒன்றைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "சொந்த வண்டிய வூட்டுல வச்சிக்கினு வாடக வண்டியில போனா ஊரு சிரிக்கும்டா. பஸ்ஸு இப்ப வந்துரும், லேசாத்தான் வலிக்குது" என்றாய். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டுமே அண்ணே! பாலித்தீனுக்குப் பொட்டு வைத்தபோது சிரிக்காத ஊரா?

நான் தலையாட்டினேன். அதுதான் எனக்கு ஆறவில்லை. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. என்னால் கெட்ட வண்டி, அதைத் திரும்பவும் கெடுத்துவிடக் கூடாது என்று என் புத்தி போயிற்று. நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாய், நான் பெயின்ட்டைப் பற்றி நினைக்கிறேன். நான் மனுஷனா?

அந்த பஸ் ஒவ்வொரு புளியமரத்துக்கும் நின்றது. கோழிக்கூடையை ஏற்றினார்கள், மூட்டையை இறக்கினார்கள். நீ ஜன்னல் ஓரத்தில் வேர்த்து ஊற்ற உட்கார்ந்து, என் பக்கம் சாய்ந்து என்ன சொன்னாய்? "வண்டி மேல துணி போட்டு வச்சிக்கிறியா? எட்த்துடு, ஈரத்துல ஒட்டிக்கும்." அதோடு சரி. அதற்கப்புறம் நீ பேசவே இல்லை. மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை, மகளைப் பற்றி ஒரு வார்த்தை, போகட்டும், எனக்கு ஒரு திட்டு, எதுவும் கிடையாது. டிரைவர் நல்லவர், நீ என் மேல் சரிந்ததைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் எங்கேயும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலுக்கே பஸ்ஸைக் கொண்டுபோனார். "அரை மணி முன்னால வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்றார்கள்.

காரியத்தன்று காதர் பாய் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அது ரெண்டாம் நாளே காஞ்சிடுச்சு தம்பி. தூசி ஒக்காந்தாத்தான் இன்னா, தேச்சிட்டு இன்னொரு கோட்டு அடிச்சிக் குடுத்திருக்க மாட்டனா? நான் ஒரு பேச்சுக்குச் சொன்னத இப்டியா புடிச்சிக்கினு நிப்பாரு?" அவருக்கு நீயே வந்து பதில் சொல்லு.

அன்றிலிருந்து அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சாப்பாடு போடுவார்கள், தட்டை நகர்த்துவார்கள், வார்த்தை கிடையாது. வண்டியை விற்கவும் விடவில்லை, வெளியூருக்கு எடுக்கவும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் அதற்குத் தண்ணீர் ஊற்றித் துடைத்து, தெருக்கோடி வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து போர்த்திவைப்பேன். உன் சட்டப்படி எல்லாம் செய்தேன். மெட்ராஸ் ரோட்டில் இப்போது சின்னச் சின்னதாகப் புதுக் கார்கள் சிவப்பிலும் நீலத்திலும் ஓடுகின்றன. நம்முடையது மட்டும் கொட்டகையில் கறுப்பாக, ஒரு கீறல் இல்லாமல், பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக நின்றது.

போன வாரம் வரைக்கும்தான். மல்லிகா தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நாள் இருக்கிறது என்று இருந்தோம், திடீரென்று காலையில் வலி எடுத்துவிட்டது. செஞ்சி ஆஸ்பத்திரி நர்சம்மா தொட்டுப் பார்த்து, "கொழந்த குறுக்கால இருக்குது, ஆபரேஷன்தான். விழுப்புரம் போயிடுங்க, லேட் பண்ணாதீங்க" என்றாள். திரும்பவும் விழுப்புரம். நான் ஓடிப்போய் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். அண்ணி மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்கள்.

பாதி வழியில் ரோட்டை அடைத்துத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். புதுத் தார் குழைந்து கிடந்தது, நடுவில் ரோடு ரோலர். மேஸ்திரி ஓடி வந்து, "அரை மணி ஆகும் சார், இல்லன்னா பனமலை ஏரிக்கரை மேல போங்க, வண்டிப் பாத இருக்குது" என்று கையைக் காட்டினார். திருப்பினேன். அந்தப் பாதை உனக்குத் தெரியும், மாட்டுவண்டி போகிற அகலம், இரண்டு பக்கமும் கருவேல முள் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது அண்ணே. முள்ளைப் பார்த்ததும் என் கால் தானாக பிரேக்கில் போயிற்று. மல்லிகா பின்னால் கத்துகிறாள், நான் தங்கக் கோட்டைப் பார்க்கிறேன். நீ காதோரம் உட்கார்ந்து "பாத்துடா, பாத்துடா" என்று சொல்கிற மாதிரியே இருந்தது. செத்த பிறகும் விடமாட்டாயா நீ?

"இன்னாத்துக்கு நிக்கிற? ஓட்டுடா!"

அண்ணிதான். அத்தனை மாசத்துக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஓட்டினேன். முள் கிழித்த சத்தம் வண்டிக்குள் கீச்சுகீச்சென்று கேட்டது. உன் மயில் ஒன்று பிய்ந்து ஏரிக்கரையிலேயே விழுந்துவிட்டது. ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணி "போ, போ" என்றார்கள். எனக்கு அழுகையும் வந்தது, ஏதோ ஒரு வெறியும் வந்தது. இன்னும் கிழி, இன்னும் கிழி என்று ஓட்டினேன்.

பெண் குழந்தை, அண்ணே. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். குழந்தைக்கு உன் மூக்குதான், பாவம்.

குழந்தையைப் பார்த்துவிட்டு அண்ணி வெளியே வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். கீறல் மேலே கையை வைத்தார்கள். பிறகு பானட்டில் இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அடித்தார்கள். "அன்னைக்கே எட்த்திருக்கலாமேடா! அன்னைக்கே எட்த்திருக்கலாமே!" ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "என் தப்புதான் அண்ணி" என்றேன். "ஒன் தப்பு மட்டுமா? அவரு சொன்னாரு, நீ மண்டைய ஆட்ன, நானும்தானே பஸ்ஸுக்கு வழியனுப்பிட்டு வாசல்ல நின்னு பாத்துக்கினு இருந்தேன்? நம்ம மூணு பேருக்கும் அறிவு இல்லாமப் போச்சே" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். உனக்காக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

நேற்று காதர் பாய் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். பட்டி பார்த்துத் தேய்த்து அடித்தால் ஒரு கோடும் தெரியாது என்றார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். வண்டி இப்போது வெயிலில்தான் நிற்கிறது. அண்ணி அதன் மேல் குழந்தைத் துணியைக் காயப்போட்டிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். இனி நம் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும், அக்கம்பக்கத்தில் யாருக்கு வந்தாலும், முதலில் கிளம்புவது இந்த வண்டிதான். பெயின்ட் ஈரமாக இருந்தால் ஈரத்தோடு கிளம்பும். யார் தடுத்தாலும், நீயே குறுக்கே வந்து நின்று வேண்டாம் என்றாலும், நான் தலையாட்டமாட்டேன்.

ஒரே ஒரு தடவை உன் பேச்சைத் தட்டியிருக்க வேண்டிய
உன் தம்பி,
ஏகாம்பரம்